மூன்று தடவை செத்த ஜான்

மிஸஸ் ஐவி பெல்லிங் ஓட்டிவந்த ரொட்டி வேன் பட்டில்டன் கிராமத்து முனையில் திரும்பியதும் இரண்டு வாத்துகளும் ஒரு தபால்காரரும் ஒரே சமயத்தில் வேலியைத் தாண்டிக் குதித்தார்கள். வாத்துகள் சாயங்காலமே திரும்பிவிட்டன. தபால்காரர் அந்த வாரம் முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியேதான் கடிதம் கொடுத்தார்.

"கொஞ்சம் மெதுவா, மிஸஸ் பெல்லிங்," என்றார் பக்கத்து சீட்டில் இருந்த டப்பன், தொப்பியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு.

"மெதுவாப் போகணும்னா பிரேக் போடணும், மிஸ்டர் டப்பன். பிரேக் போட்டா இது நிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

டப்பன் வாயை மூடிக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் லண்டன் ரயில் நிலையம் ஒன்றில், தொலைந்த பொருள் ஆபீஸில் உட்கார்ந்திருந்த மனிதர். நாற்பதாயிரம் குடைகளை உரியவர் கைகளில் சேர்த்தவர். ஒரு தடவை ரயிலில் கிடந்த பல்செட்டை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடி, ஆப்பிள் கூடையைக் கண்டு முகத்தைத் திருப்பிய ஒரே பயணியைப் பிடித்து, அவர் வாயிலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தவர். ரிட்டயர் ஆகி சஸ்ஸெக்ஸ் பக்கம் குடிவந்த பிறகு அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறார். ஊர் அதற்குத் துப்பறிதல் என்று பெயர் வைத்திருக்கிறது.

ஐவிக்குக் காலையில் ரொட்டி, பதினோரு மணிக்கு மேல் துப்பு. புருஷன் போன பிறகு இந்த ஒன்பது வருஷமாக டப்பனுக்குச் சாரதி, காவல், வாய் மூன்றும் அவள்தான். ஒன்பது வருஷத்தில் ஒருவரையொருவர் முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டப்பனுக்கு முதல் பெயர் என்று ஒன்று உண்டா என்பது ஐவி இன்னும் துப்புத் துலக்காத கேஸ்.

இன்றைக்குச் சொந்தக்காரர் தெரியாமல் கிடந்தது குடையும் இல்லை, பல்லும் இல்லை. ஒரே ஒரு எழுத்து.

வேன் ரயில்வே கேட்டில் முட்டி நின்றது. கேட் மூடியிருந்தது.

"வாங்க, வாங்க!" கேட்டுக்குப் பக்கத்துச் சின்ன வீட்டிலிருந்து எல்லன் நோக் ஓடிவந்தாள். எழுபத்திரண்டு வயது. நாற்பத்தோரு வருஷமாக அந்த கேட்டின் காவல்காரி. "பயந்துடாதீங்க, ரயில் ஒண்ணும் வரல. இந்த லைனை மூடி ஆறு வாரமாச்சு. எட்டு இருபது, பதினொண்ணு இருபதுன்னு பழைய ரயில் நேரத்துக்கெல்லாம் கை தானா மூடிடுது. நேத்துப் பால்காரன் அரை மணி நின்னான், பாவம். அவனும் பழக்கத்துல நின்னுட்டான்."

"லைனை மூடினவன் உங்க கையை மூட மறந்துட்டான்," என்றாள் ஐவி.

டப்பன் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். கேஸ் முழுக்க அதில்தான் இருந்தது.

முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் தாமஸ் ஓக் என்றொரு இரும்பு உலைக்காரர் இருந்தார். சாகும்போது ஆறு அறையில் ஒரு தரும இல்லம் கட்டிவைத்து, 'என் பெயரும் என் ரத்தமும் உள்ள ஏழைகள் மட்டும்' என்று உயில் எழுதினார். ரத்தத்தை யாரும் பாட்டிலில் பிடித்துப் பார்க்க முடியாது. ஆகவே ஊரில் பெயர் ஒன்றென்றால் ரத்தமும் ஒன்று என்றே இத்தனை காலம் கதவைத் திறந்தார்கள். கடைசி ஓக் கிழவர் போன மைக்கேல் திருநாளில் செத்துப்போனார். ஒரு வருஷம் வேறு ஓக் வராவிட்டால் கட்டிடத்தை விற்றுவிடலாம். அந்த ஒரு வருஷம் இன்றைக்கு, செப்டம்பர் இருபத்தொன்பது, சாயங்காலம் நாலு மணிக்கு முடிகிறது.

எல்லன் விண்ணப்பம் போட்டிருந்தாள். தரும இல்லத்தின் செயலாளரான வக்கீல் ஹார்மர் பதில் எழுதியிருந்தார்: 'விண்ணப்பதாரரின் பெயர் நோக். நிறுவனரின் பெயர் ஓக். நோக் என்பதில் ஆங்கில எழுத்து என் (N) ஒன்று அதிகமாக உள்ளது. ஆகவே வருந்துகிறோம்.'

"ஒரு எழுத்துதானே," என்றாள் ஐவி. "வெண்ணெய் தடவி முழுங்கிடுங்க, மிஸ் நோக். ரொட்டி நான் தர்றேன்."

எல்லன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"இந்த வீடு ரயில்வேயோடது, கண்ணு. நாளைக்கு மத்தியானம் சாவியைக் கொடுக்கணும். அப்புறம் மாவட்ட முதியோர் இல்லம். முன்னால அநாதைகளை வச்சு வேலை வாங்கின அதே கட்டிடம்தான், சுண்ணாம்பு மட்டும் புதுசு. போய்ப் பார்த்துட்டு வந்தேன். வார்டுக்குப் பதினாறு கட்டில். சோறு நல்லாத்தான் போடறாங்க. ஆனா நாப்பத்தோரு வருஷம் கதவைத் திறக்கறதும் மூடறதும் என் கையில இருந்துச்சு. அங்க நான் மூடறதுக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கு ஒரு கதவு வேணும். அவ்வளவுதான்."

டப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"மிஸஸ் பெல்லிங், இடுப்புல என்ன கட்டியிருக்கீங்க?"

"ஏப்ரன். கழட்டச் சொல்லாதீங்க, உள்ளே ரெண்டு பட்டன் இல்ல."

"அது ஏப்ரன் இல்ல. நேப்ரன். ஐந்நூறு வருஷம் முன்னால எல்லாரும் 'அ நேப்ரன்'னுதான் சொன்னாங்க. வேகமாச் சொல்லிச் சொல்லி, அந்த 'என்' எழுத்து தன் வீட்டை விட்டு நழுவி, முன்னால இருந்த 'அ'வோட குடித்தனம் வச்சுக்கிச்சு. 'அன் ஏப்ரன்' ஆயிடுச்சு."

"என் இடுப்புல இருக்கறது கைவிடப்பட்ட துணின்னு சொல்லுங்க."

"இப்ப அதே ஆட்டம், மறுபக்கமா. ஓக் மரத்துக்குப் பக்கத்துல குடியிருந்தவனை அந்தக் காலத்துல 'அட்டன் ஓக்'னு கூப்பிடுவாங்க. ஓக் மரத்துக்கிட்டன்னு அர்த்தம். எங்கே, நிக்காம அஞ்சு தடவை சொல்லுங்க?"

"அட்டன் ஓக். அட்டன் ஓக். அட்டனோக். அட்னோக். அட் நோ..." ஐவி நிறுத்தினாள். அவள் பேச்சு பாதியில் நின்றது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"பட்டில்டன்ல ஓக் பண்ணை ஒண்ணே ஒண்ணுதான் இருந்திருக்கு," என்றார் டப்பன். "ஒரு மரம், ஒரு வீடு, ஒரு குடும்பம். நிதானமாப் பேசினவங்க ஓக். அவசரமாப் பேசினவங்க நோக்."

"எங்க வீட்டுல எல்லாருமே அவசரக்காரங்கதான்," என்றாள் எல்லன். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. உள்ளே ஓடி, குடும்ப பைபிளைத் தூக்கிவந்தாள். முதல் பக்கத்தில் மூதாதைகள் வரிசையாக இருந்தார்கள். உச்சியில்: 'வில்லியம் நோக். இவ்வூர் சர்ச்சில் ஞானஸ்நானம், 1613.'

"அந்த வில்லியத்தோட அப்பா பேர் சர்ச் பதிவில இருக்கும்," என்றார் டப்பன். "அதுல 'அட்டன்' இருந்துட்டா, நாலு மணிக்கு உங்களுக்குக் கதவு."

சர்ச் பதிவேடுகள் ஒரு பெட்டியில் இருந்தன. பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒருவரை நம்பி ஒருவர் விடக் கூடாது என்று பழைய ராஜா யாரோ போட்ட சட்டம். மூன்று பேர் மூன்று சாவியோடு கூடினால்தான் திறக்கலாம். ஒன்று பாதிரியார் லேட் என்பவரிடம். இன்னொன்று சர்ச் நிர்வாகி என்ற முறையில் வக்கீல் ஹார்மரிடம்.

"எதிராளி சாவி தருவாரா?" என்று ஐவி வழியெல்லாம் முனகினாள். "நான் உள்ளே போய் மயக்கம் போட்டு விழறேன். நீங்க மேஜையைத் துழாவுங்க."

மயக்கத்துக்குத் தேவையே வரவில்லை. ஹார்மர் எழுந்து நின்று வரவேற்றார். ஒல்லியான மனிதர், அவர் கோட்டை மாட்டி வைத்தால் ஸ்டாண்டுக்கும் அவருக்கும் குடும்பத்தாருக்கே வித்தியாசம் தெரியாது. மேஜை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து டப்பன் கையில் வைத்தார்.

"தாராளமாப் பாருங்க, மிஸ்டர் டப்பன். எல்லாப் பக்கமும் பாருங்க," என்றார். கொஞ்சம் புன்னகையும் செய்தார். அந்தப் புன்னகையில் சந்தோஷம் இல்லை.

வெளியே வந்ததும் ஐவி முழங்கையால் டப்பனை இடித்தாள். "எதிராளி சிரிச்சுக்கிட்டே சாவி கொடுத்தா, பெட்டிக்குள்ள நமக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"இல்ல, எதிராளி நேர்மையானவர்னு அர்த்தம்."

"அது அதைவிட மோசம்."

சர்ச்சில் பாதிரியார் லேட் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தார். உருண்டையான, அன்பான மனிதர். செத்த எலிக்குக்கூட ஒரு சின்ன பிரார்த்தனை சொல்லித்தான் குப்பையில் போடுவார். முதல் சாவி திரும்பியது. இரண்டாவது திரும்பியது.

"மூணாவது?" என்றாள் ஐவி.

பாதிரியார் வெட்கப்பட்டார். "மூணாவது சாவியை நூத்தறுபது வருஷம் முன்னால ஒரு நிர்வாகி தன்னோட சவப்பெட்டிக்குள்ள கொண்டுபோயிட்டாருங்க. பதவியை விட மனசில்லாம. அதுலருந்து எங்க அம்மாவோட கொண்டை ஊசிதான்."

கொண்டை ஊசி இரண்டே நொடியில் வேலையை முடித்தது. ராஜாவின் சட்டம் கிரீச்சென்று திறந்தது. உள்ளிருந்து வந்த தூசியில் ஐவி தும்மிய தும்மலுக்கு மணிக்கூண்டுப் புறாக்கள் மொத்தமும் பிரான்ஸ் பக்கம் கிளம்பிவிட்டன.

டப்பன் ஏடுகளைப் புரட்டினார். குடைக் கைப்பிடிகளைத் தடவிப் பழகிய விரல்கள் எழுத்துகளின் மேல் மெதுவாக ஊர்ந்தன. மணி இரண்டரை.

"இதோ!" அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "1551. 'தாமஸ், ரிச்சர்ட் அட்நோக் மகன்.' அட்நோக்! நிறுவனரோட சொந்த அப்பா! அந்த எழுத்து அங்கேயே நழுவ ஆரம்பிச்சிருக்கு பாருங்க. தாமஸ் பெரிய மனுஷனானதும் வாலை வெட்டிட்டு ஓக் ஆயிட்டார்."

"பணம் வந்தா முதல்ல வெட்டறது சொந்தக்காரங்களை," என்றாள் ஐவி. "அந்த எழுத்துதான் ஏழைச் சொந்தக்காரன்."

அடுத்து 1613. மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

'வில்லியம், ஜான் அ நோக் மகன்.'

"அ நோக்!" பாதிரியார் கைதட்டினார். "அட் நோக்கோட சுருக்கம்!"

"சந்தேகமே இல்ல," என்றார் டப்பன். வேகவேகமாக நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

ஐவி அடுத்த வரியைப் படித்தாள். "அதே நாள் இன்னொரு ஞானஸ்நானம். 'மேரி, ஜான் அ ஸ்டைல் மகள்.' ஸ்டைல்னா வேலி தாண்டற படிதானே? ஒரு ஜான் மரத்தடியில, இன்னொரு ஜான் வேலிப்படியில. இந்த ஊர்ல வீடு கட்டிக் குடியிருந்த ஜானே கிடையாதா?"

"அந்தக் காலப் பேர்கள் அப்படித்தான், மிஸஸ் பெல்லிங்."

அவள் சும்மா இருக்கவில்லை. சாவுப் பக்கங்களைத் திருப்பினாள். "இதைப் பாருங்க. 1609, ஜான் அ நோக் அடக்கம். 1611, ஜான் அ நோக் அடக்கம். 1613 குளிர்காலம், மறுபடியும் ஜான் அ நோக் அடக்கம். மூணு தடவை செத்திருக்கார். விடாமுயற்சிக்காரர்."

"தாத்தா, அப்பா, சித்தப்பா. எல்லாருக்கும் ஒரே பேர் வைக்கற குடும்பம்." டப்பன் நிமிராமலே பதில் சொன்னார். மணி மூன்றே கால்.

"கடைசிப் பக்கம் மெழுகு கொட்டி ஒட்டியிருக்கு. கொண்டை ஊசியால பிரிக்கட்டுமா?"

"கடைசிப் பக்கத்துல யாரும் ஞானஸ்நானம் எடுக்கறதில்ல. நேரமில்ல, வாங்க!"

முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் ஒரு பெட்டியின் கடைசி மடிப்பைப் பார்க்காமல் டப்பன் மூடியதில்லை. அன்று மூடினார். ஐவிக்கு அது உறுத்தியது. ஆனால் அவளுக்கும் அந்தக் கதவு வேண்டியிருந்தது.

தரும இல்லத்தின் முன்னறையில் கூட்டம். சோம்பு போட்ட கேக், தேநீர், ஒரு பெரிய கடிகாரம். மேஜையின் தலைமாட்டில் பாதிரியார், ஓரத்தில் ஹார்மர், நடுவில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு கர்னல். அந்தக் கர்னல் இரண்டு உலகப்போர்களையும் இப்படியேதான் ஜெயித்தார் என்று ஊரில் பேச்சு. எல்லன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

டப்பன் பேசினார். ஏப்ரனில் ஆரம்பித்தார், ஓக் மரத்தைச் சுற்றினார், தாமஸின் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார், கடைசியில் வில்லியத்தின் அப்பாவை அவர் பக்கத்தில் நிறுத்தினார். "ஆக, ஐயா, நோக் வேற, ஓக் வேற இல்ல. ஒரே சொல்லை ரெண்டு விதமா வெட்டினது. மிஸ் எல்லன் நோக் உங்க நிறுவனரோட பெயர், உங்க நிறுவனரோட ரத்தம்."

பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பொறுக்கவில்லை. மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்து எல்லன் கையில் வைத்தார். "நாலாம் நம்பர் அறை, மிஸ் நோக். ஜன்னல்ல வெயில் வரும். போய்ப் பாருங்க."

எல்லன் எழுந்து போனாள். தாழ்வாரத்தில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. கதவு மூடும் சத்தம் கேட்டது. திறந்தது. மறுபடி மூடியது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. ஐவி கேக்கை வாயில் வைத்தபடி சிரித்தாள். சோம்பு மூக்கில் ஏறியது.

"ஒரு நிமிஷம், பாதிரியாரே," என்றார் ஹார்மர். அவர் குரல் தாழ்ந்தே இருந்தது. கர்னல் மட்டும் கண் விழித்தார்.

"மிஸ்டர் டப்பன் சொன்னதுல ஒரு பிழை கிடையாது. ஓக்கும் நோக்கும் ஒண்ணுதான். என் கடிதத்தை நான் வாபஸ் வாங்கறேன். மூணு வாரம் முன்னால உங்க சாவியையும் ஊசியையும் இரவல் வாங்கி நானும் இதே வழியா வந்தேன். மிஸ் நோக்குக்கு நல்ல செய்தி சொல்லலாம்னு தொப்பியைக்கூட மாட்டிட்டேன். ஆனா அந்த ஜான் மூணு தடவை செத்தது என்னைத் தூங்க விடல."

ஐவி கேக்கைத் தட்டில் வைத்தாள்.

"சட்டம் படிக்கப் போனா முதல் வாரமே சொல்லித் தருவாங்க. அந்தக் கால வக்கீல்கள் உதாரணத்துக்கு ஒரு வழக்குச் சொல்றப்போ, நிஜப் பேர் எதுக்குன்னு ரெண்டு கற்பனைப் பேர் வச்சிருந்தாங்க. வாதி ஒருத்தன், பிரதிவாதி ஒருத்தன். நிலத்தை வித்தவன், வாங்கினவன். யாரா வேணும்னாலும் இருக்கலாம், யாருமே இல்லாமலும் இருக்கலாம். நாடு முழுக்க அந்த ரெண்டு பேர்தான். ஒருத்தன் ஜான் அ நோக். இன்னொருத்தன்..."

"ஜான் அ ஸ்டைல்," என்றாள் ஐவி. "குப்பனும் சுப்பனும்."

"குப்பனும் சுப்பனும்," ஹார்மர் தலையாட்டினார். "1608-ல இங்கே ஒரு உதவிப் பாதிரியார் வந்தார். லண்டன்ல சட்டம் படிச்சுத் தோத்துட்டு வந்தவர். இது அந்த ஏட்டோட கடைசிப் பக்கம். மெழுகை இளக்கிப் பிரிச்சு, பிரதி எடுத்தேன்; ஆறினதும் பக்கம் மறுபடி ஒட்டிக்கிச்சு. அவர் கையெழுத்துதான்: 'வழிப்போக்கரில் பெயர் அறியாதவரை ஜான் அ நோக் என்று எழுதுக. அத்தகையவர் ஒரே நாளில் இருவர் எனில், மற்றவரை ஜான் அ ஸ்டைல் என்க.' அந்த மூணு சாவும் ரோட்டோரம் கிடந்த மூணு பேர், மிஸ்டர் டப்பன். தாத்தாவும் இல்ல, சித்தப்பாவும் இல்ல."

டப்பன் பிரதியை வாங்கிப் பார்த்தார். நாற்பதாயிரம் குடைகளுக்கு எஜமானர்களைக் கண்டுபிடித்த மனிதர், யாருடையதும் இல்லாத ஒரு பெயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கடைசிப் பக்கம்," என்றார்.

ஐவி ஹார்மரின் முகத்தில் வில்லத்தனத்தைத் தேடினாள். மீசை முறுக்கோ, ரகசியச் சிரிப்போ, கட்டிடத்தை வாங்கப்போகிற மச்சானோ, ஏதாவது ஒன்று அகப்பட்டால் தேநீரை அந்தத் தலையில் கவிழ்த்திருப்பாள். ஒன்றும் அகப்படவில்லை. மூன்று வாரமாகத் தூங்காத கண்கள் மட்டும் இருந்தன.

"அப்போ அந்த வில்லியம்?"

எல்லன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

"யாரோ வழிப்போக்கரோட குழந்தை, மேடம்," ஹார்மர் எழுந்து நின்றார். "அப்பா பேர் தெரியல. கட்டத்தை நிரப்பணுமேன்னு எழுதினது. குழந்தை இங்கேயே தங்கிடுச்சு. பேரும் தங்கிடுச்சு."

"என் பேருக்கு 'யாரோ'ன்னு அர்த்தமா?"

டப்பன் பிரதியை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"செயலாளரே, நாம பேசாம இருந்துட்டா?" என்றார் பாதிரியார். கெஞ்சல் அப்படியே குரலில் இருந்தது. "யாருக்குத் தெரியப்போகுது?"

"இந்த மேஜையில இருக்கிற அஞ்சு பேருக்கும் இப்பத் தெரியும், பாதிரியாரே. கையெழுத்துப் போட்டு லண்டனுக்கு அனுப்பணும். பொய்னு தெரிஞ்சே எப்படிப் போடறது? நீங்க போடுவீங்களா?"

பாதிரியார் கையைப் பார்த்துக்கொண்டார்.

எல்லன் மேஜை அருகே வந்தாள். "நாப்பத்தோரு வருஷம் கேட்டைத் திறந்துவிட்டேன்," என்றாள். கோபம் இல்லை, கணக்குச் சரிபார்க்கிற குரல். "ஜிப்ஸி வண்டி, சவ வண்டி, பன்னி வண்டி. ஒருத்தரையும் பேர் கேட்டதில்ல." சாவியை மேஜைமேல் வைத்தாள். வைத்த பிறகும் இரண்டு விரல் அதன்மேல் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

கடிகாரம் நாலு அடித்தது. நாலாவது அடிக்குக் கர்னல், "ஜெயிச்சுட்டமா?" என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானம் ரொட்டி வேன் பதினாறு மைல் தூரத்தை மாட்டுவண்டி வேகத்தில் கடந்தது. பட்டில்டன் வாத்துகள் ரோட்டு நடுவிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. பிரேக் ஒவ்வொரு திருப்பத்திலும் கச்சிதமாகப் பிடித்தது. பிடிக்காமல் போகக் கூடாதா என்று ஐவிக்கு இருந்தது.

முதியோர் இல்லத்து மேஜையில் ஒரு குமாஸ்தாப் பெண். முகம் பார்க்காமலே எழுதுகிறவள்.

"பேர்?"

"எல்லன் நோக்," என்றாள் எல்லன். குடும்ப வழக்கப்படி அவசரமாகச் சொன்னாள்.

பேனா ஓடியது. வயது, மதம், செருப்பு அளவு. ஒரு அட்டையை எடுத்து, வார்டுக்குள் நடந்து, பதினொன்றாம் கட்டிலின் தலைமாட்டுத் தகரச் சட்டத்தில் சொருகினாள்.

அதை முதலில் படித்தவள் ஐவி. படித்துவிட்டு டப்பனைப் பார்த்தாள். டப்பனும் படித்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார்.

அட்டையில் எழுதியிருந்தது: 'எல்லன் ஓக்.'

அவசரமாகச் சொன்ன பெயர். முதல் பெயரின் வாலிலிருந்த 'என்' எழுத்து, அடுத்த பெயரின் தலையிலிருந்ததை விழுங்கிவிட்டது. ஐந்நூறு வருஷ ஆட்டம், கண்ணெதிரே, இரண்டு நொடியில்.

"நேத்து நாலு மணிக்கு முன்னால இப்படி ஒரு அட்டை இருந்திருந்தா..." என்றார் டப்பன்.

எல்லன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தாள். "இதுல ஒரு 'என்' எழுத்து விட்டுப்போச்சும்மா," என்றாள் குமாஸ்தாவிடம். "அது என்னோடது."

"அய்யோ, நாலு பிரதி எழுதியாச்சே." குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினாள். "ஓக்குன்னு ஆபீஸ் புஸ்தகத்துல ஏறிட்டா ஓக்குதான். மாத்தணும்னா நீங்க ஓக் இல்லைன்னு ஆதாரம் கொண்டாங்க. சர்ச் பதிவு, வக்கீல் கடிதம், அந்த மாதிரி ஏதாவது."

ஐவி வாயைத் திறந்தாள். ஒன்பது வருஷமாக எந்த இடத்திலும் அவள் வாய் வெறுமனே திறந்து மூடியதில்லை. நாக்கின் அடியில், கன்னத்தின் ஓரத்தில், எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தாள். ஒரு கிண்டலும் கிடைக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கும்மா," என்றாள் எல்லன். "வேணும்கறதுக்கு மேலயே இருக்கு."

கட்டிலில் உட்கார்ந்தாள். தாழ்வாரத்திலிருந்து குளிர்காற்று நேராக உள்ளே வந்து அட்டையை ஆட்டியது. எல்லன் எழுந்து, பழக்கத்தில், கதவை மூடப் போனாள். வார்டு முடிகிற இடத்தில் ஒரு வளைவு இருந்தது; கதவு இல்லை.

அப்போது தாழ்வாரத்தில் ஒரு பெண் சூப்புத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். எல்லன் சட்டென்று ஓரமாக ஒதுங்கி, ஒரு கையை உயர்த்திப் பிடித்து, வண்டி முழுக்கக் கடந்து போகும்வரை நின்றாள். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மூடுவதற்காகக் கையை நீட்டினாள்.